கணையப் புற்றுநோய் விழிப்புணர்வை டெல்டா கிராமங்களுக்கு அரசு வழியாகக் கொண்டுபோவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நவம்பர் வந்தால் உலகம் முழுக்கக் கணையப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். மூன்றாவது வியாழக்கிழமை அதற்கான உலக நாள், நிறம் ஊதா. நல்ல விஷயம்தான். ஆனால் நம்ம டெல்டாவில் நவம்பர் என்றால் அடைமழை. சம்பா நாற்று மூழ்கியதா, வாய்க்காலில் தண்ணீர் வடிகிறதா, புயல் எங்கே கரையேறும் என்பதைத் தவிர வேறு பேச்சு யார் காதிலும் ஏறாது. கஜா அடித்ததே ஒரு நவம்பர் 16ல்தான், 2018ல். அந்த நேரத்தில் திருத்துறைப்பூண்டியில் பேனர் பிடித்துப் பேரணி போனால் பேனர்தான் நனையும்.

அதனால் இந்த வழிகாட்டி வெளியூர் நாட்காட்டியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஒரு மகளிர் குழுவோ, இளைஞர் மன்றமோ, ஓய்வுபெற்ற ஆசிரியரோ, இந்த நோயில் ஒருவரை இழந்த குடும்பமோ அரசைக் கொண்டு என்ன செய்ய வைக்க முடியும் என்பதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். முன்கூட்டியே ஒன்று: அரசிடம் புதுத் திட்டம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருக்கும் திட்டங்களில் மூன்று கேள்வியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குக் கோடிகள் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

படி 1: முதலில் நீங்கள் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு, நீளம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். சாப்பாடு செரிக்க நீர் சுரக்கிறது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் தருகிறது. அவ்வளவு உள்ளே இருப்பதால் கட்டி வளர்ந்தாலும் கையில் தட்டுப்படாது. 2022ல் உலக அளவில் சுமார் 5 லட்சத்து 10 ஆயிரம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது, அதே ஆண்டில் இதனால் இறந்தவர்கள் சுமார் 4 லட்சத்து 67 ஆயிரம் பேர். இந்த இரண்டு எண்ணும் இவ்வளவு பக்கத்தில் நிற்பதுதான் இந்த நோயின் கொடுமை. கண்டுபிடிக்கும்போது அறுவை சிகிச்சை செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்கள் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பேர்தான். கோவா முதல்வராக இருந்த மனோகர் பாரிக்கர் 2019 மார்ச்சில் இறந்தது இதே நோயில். கூட்டத்தில் இந்தப் பெயரைச் சொல்லுங்கள், அது வரைக்கும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்வார்கள்.

நம் நாட்டில் இது மேலை நாடுகளில் இருக்கும் அளவுக்குப் பரவலாக இல்லை. அதையும் சேர்த்தே சொல்லுங்கள், பயமுறுத்தக் கூடாது.

ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய அறிகுறிகள் மூன்று.

முதலாவது, 50 வயது தாண்டியவருக்கு வலியில்லாமல் வரும் மஞ்சள் காமாலை. கணையத்தின் தலைப் பகுதியில் கட்டி வந்தால் அது பித்தக் குழாயை அடைக்கும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், மலம் வெளிறிக் களிமண் போல இருக்கும், உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும். பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் இதே மாதிரி வரலாம், எனவே காமாலை எல்லாமே புற்றுநோய் இல்லை. ஆனால் எது அடைத்திருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் விடக் கூடாத காமாலை இது.

இரண்டாவது, 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை நோய் வந்து, கூடவே காரணமில்லாமல் உடம்பு இளைப்பது. புதிதாகச் சர்க்கரை வந்த 50 வயதுக்காரர்களில் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் கணையப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான். அதனால் சுகர் வந்த எல்லோரையும் சி.டி. ஸ்கேன் எடுக்க அனுப்ப வேண்டியதில்லை. எடை குறைகிறதா என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும்.

மூன்றாவது, மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் வலி. மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். கேஸ் என்று நினைத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கியே மாதக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். மலம் எண்ணெய் மிதப்பது போல இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

காரணங்கள் பற்றியும் கேட்பார்கள். புகைபிடித்தல் இந்த நோய்க்கான வாய்ப்பைச் சுமார் இரண்டு மடங்காக்குகிறது. நம்ம பக்கம் இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மெல்லும் புகையிலையும் கணையப் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. கும்பகோணம் வெற்றிலையும் வேதாரண்யம் புகையிலையும் பேர் போன ஊர் நம்முடையது. நடவு வயலில் இடுப்புச் சுருக்குப் பையைத் திறந்தால் வெற்றிலை, பாக்கு, கூடவே ஒரு துண்டு புகையிலை. பீடி குடிக்காத பாட்டிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அப்புறம் உடல் பருமன், நீண்டகாலச் சர்க்கரை நோய், தொடர் கணைய அழற்சி, குடும்பத்தில் நெருங்கிய உறவினருக்கு இந்த நோய் இருந்தது ஆகியவை. தொடர்ந்து அதிகமாகக் குடிப்பவர்களுக்குக் கணைய அழற்சி வருகிறது, அது பின்னால் இங்கே கொண்டுவந்து விடலாம். குடிக்காதவர்களுக்கும், இளவயதிலேயே, கணையத்தில் கல் சேர்ந்து வரும் ஒருவகை அழற்சி தென்னிந்தியாவில் இருக்கிறது, அவர்களுக்கும் ஆபத்து கூடுதல்.

கூட்டத்தில் யாராவது ஒருவர் நிச்சயம் எழுந்து, பூச்சிமருந்தால்தானே, எண்ணெய்க் கிணற்றால்தானே என்று கேட்பார். டெல்டாவில் அது நியாயமான கேள்வி, 2020ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததே அந்தக் கவலையால்தான். ஆனால் உங்கள் நோட்டீசில் உறுதியாக நிறுவப்பட்ட காரணங்களை மட்டும் போடுங்கள். இரண்டு போராட்டத்தையும் ஒரே மனுவில் கலந்தால் சுகாதாரத் துறை அதிகாரி அந்த மனுவைத் தொடவே மாட்டார்.

படி 2: என்ன கேட்கக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

“எங்கள் ஊரில் கணையப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்துங்கள்” என்று எழுதாதீர்கள். வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குப் பொதுமக்களைச் சோதிக்க வழி இருக்கிறது, அரசும் அதைத் தொற்றா நோய்த் திட்டத்தில் செய்கிறது. கணையத்துக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாத சாதாரண ஆட்களை வரிசையில் நிறுத்திச் சோதிக்கும்படியான சோதனை இன்றைக்குக் கிடையாது. சி.ஏ. 19-9 என்கிற ரத்தப் பரிசோதனையைச் சில லேப்கள் பேக்கேஜில் சேர்த்து விற்கும். பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் அது கூடிக் காட்டும், ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் சாதாரணமாகவும் இருந்துவிடும். நோய் உறுதியானவர்களைக் கண்காணிக்கத்தான் மருத்துவர்கள் அதை முக்கியமாகப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் மேடையில் அந்த பேக்கேஜுக்கு இடம் கொடுக்காதீர்கள், ஸ்பான்சர் செய்கிறேன் என்று வந்தாலும் சரி.

கேட்க வேண்டியவை இவ்வளவுதான்:

மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் நடக்கும் மாதாந்திரக் கூட்டத்தில் அரை மணி நேரம் இந்த மூன்று அறிகுறிகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்படும் 50 வயது தாண்டியவரிடம் “எடை குறைந்ததா, கண் மஞ்சளானதா, வயிற்றிலிருந்து முதுகுக்கு வலி பரவுகிறதா” என்று கேட்டு, ஆம் என்றால் பரிந்துரைச் சீட்டு கொடுக்க வேண்டும்.

வட்டாரத்தில் நடக்கும் அரசு மருத்துவ முகாம்களிலும், ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் மாவட்ட சுகாதாரத் துறை ஒப்புதல் பெற்ற ஒரே நோட்டீசை வைக்க வேண்டும்.

இரண்டாவது கோரிக்கைதான் உயிர்நாடி. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கியது. உங்கள் தெருவிலேயே இருக்கும் சுய உதவிக் குழுப் பெண் ஒருவர்தான் பையில் சுகர் மிஷினோடும் பிரஷர் மிஷினோடும் வருகிறார். வாசலில் உட்கார்ந்து விரலில் குத்திப் பார்த்துவிட்டு, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தத் திண்ணையில் தினமும் நடக்கிற பேச்சு இது:

“சுகர் புதுசா வந்திருக்குன்னாங்க, உடம்பும் எளைச்சுப் போச்சும்மா. சுகர்னா எளைக்கத்தானே செய்யும்?”

“எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு பெரியப்பா? பசி எடுக்குதா?”

இந்த ரெண்டாவது வரியைக் கேட்க வைப்பதுதான் உங்கள் வேலை. வேறு எந்தப் பேரணியும் இதற்கு ஈடாகாது.

படி 3: யாரிடம் கொடுப்பது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்

பாதி மனுக்கள் இங்கேதான் செத்துப்போகின்றன. தமிழ்நாட்டில் அரசு மருத்துவம் என்பது ஒரே அலுவலகம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம், கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், வீடு தேடி வரும் தன்னார்வலர் எல்லாம் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகிறார்கள். மாவட்டத்தில் அதற்குத் தலைமை மாவட்ட சுகாதார அலுவலர், பழைய பழக்கத்தில் பலரும் இன்னும் டி.டி. (துணை இயக்குநர்) என்றே சொல்கிறார்கள். தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு இணை இயக்குநர், அதாவது ஜே.டி. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு டீன். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு இயக்குநரகங்களின் கீழ்.

எனவே தன்னார்வலர் பயிற்சிக்கு மாவட்ட சுகாதார அலுவலர். அரசு மருத்துவமனையில் ஸ்கேன் வரிசையில் முன்னுரிமை கேட்க ஜே.டி. பயிற்சி கொடுக்க ஒரு குடல் சிறப்பு மருத்துவரை அனுப்பச் சொல்லிக் கேட்க டீன். மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுதினால் “தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்று ஒரு பதில் வரும், அதோடு சரி.

காரைக்கால்காரர்கள் கவனிக்க: உங்களுக்கு மண் ஒன்று, அரசு வேறு. நீங்கள் போக வேண்டியது புதுச்சேரி அரசின் சுகாதாரத் துறை. புதுச்சேரியில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனை மத்திய அரசு நிறுவனம், அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

படி 4: மனு எழுதுவது

ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். “மாண்புமிகு”, “சமூகம்” எல்லாம் ஒரு வரியோடு நிற்கட்டும். மாதிரிக்கு:

“எங்கள் வட்டாரத்தில் 50 வயது கடந்தவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தால் பெரும்பாலும் நாட்டு மருந்தோடு நின்றுவிடுகிறார்கள். கணையம், பித்தக் குழாய் சார்ந்த புற்றுநோய்கள் இதனால் காலதாமதமாகத் தெரியவருகின்றன. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கு இது குறித்து அரை மணி நேரப் பயிற்சி அளிக்குமாறும், இணைப்பில் உள்ள நோட்டீஸ் வரைவைச் சரிபார்த்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒட்ட அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். அச்சுச் செலவை எங்கள் குழு ஏற்கும்.”

கடைசி வரியைப் போடுங்கள். பணம் கேட்காத மனு அலுவலகத்தில் வேகமாக நகரும்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம், பதிவு எண் வாங்காமல் வராதீர்கள். வர முடியாதவர்கள் 1100க்குப் போன் செய்து முதல்வரின் முகவரியில் பதியலாம். ஆனால் என் அனுபவத்தில் நேராக வட்டார மருத்துவ அலுவலரைப் பார்த்துப் பேசி, அவரையே “செய்யலாம்” என்று சொல்ல வைத்துவிட்டு மேலே மனு கொடுப்பதுதான் பலிக்கிறது. மேலேயிருந்து கீழே வரும் காகிதத்துக்கு அவர்தான் குறிப்பு எழுதப்போகிறார். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது யாரும் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள், அந்த மாதங்களில் நோட்டீசைத் தயார் செய்துகொண்டிருங்கள்.

படி 5: கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடைசி நாள், உள்ளாட்சி தினம், கணையப் புற்றுநோய் மாதத்தின் முதல் நாளிலேயே விழுகிறது. டெல்டாவில் நவம்பரைப் பயன்படுத்த இதைவிட நல்ல வழி இல்லை, மழை பெய்தாலும் கூட்டம் கூரைக்குக் கீழே நடந்துவிடும்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுத்துக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமென்றால் தனி அலுவலரிடம் கொடுக்க வேண்டும், நடைமுறை அதேதான். தீர்மானம் இரண்டு வரி: “இந்த ஊராட்சியில் கணையப் புற்றுநோய் அறிகுறிகள் குறித்த நோட்டீஸ் ரேஷன் கடை, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். மகளிர் சுகாதாரத் தன்னார்வலருக்கு உரிய பயிற்சி அளிக்க மாவட்ட சுகாதார அலுவலரைக் கேட்டுக்கொள்கிறது.” அன்றைக்குச் சுகாதார ஆய்வாளரோ செவிலியரோ கூட்டத்துக்கு வருவார்கள், அவர்களையே எழுந்து பேசச் சொல்லுங்கள். தீர்மான நகலைக் கையோடு வாங்கி மனுவோடு சேருங்கள். ஒரு ஊராட்சி கேட்டால் அது ஒரு மனு. ஒரே ஒன்றியத்தில் பத்து ஊராட்சி கேட்டால் கலெக்டரின் ஆய்வுக் கூட்டத்தில் பேசப்படும் விஷயம்.

எம்.எல்.ஏ.வையும் பாருங்கள். சட்டமன்றத்தில் மருத்துவத் துறை மானியக் கோரிக்கை வருவதற்கு முன்னால் பார்க்க வேண்டும், பின்னால் போனால் அடுத்த வருஷம்தான். கேட்பது: புதிய சர்க்கரை நோயாளிகளிடம் எடை குறைவைக் கேட்கும் கேள்வியை மாநிலம் முழுக்கச் சேர்க்க வேண்டும் என்று ஒரு பேச்சு. அமெரிக்காவில் நோயாளிகளின் குடும்பங்கள் விடாமல் தங்கள் பிரதிநிதிகளை நச்சரித்ததில் கணையம் போன்ற பிடிபடாத புற்றுநோய்களுக்கென்றே ஒரு ஆராய்ச்சிச் சட்டம் 2013 ஜனவரியில் கையெழுத்தானது. நச்சரிப்புக்குப் பலன் உண்டு.

படி 6: விழிப்புணர்வுக்கு முன்னால் வழியைத் திறந்து வையுங்கள்

இதைச் செய்யாமல் நோட்டீஸ் கொடுத்தால் பயந்துபோன மனிதர் மறுநாள் காலை உங்கள் வீட்டு வாசலில் நிற்பார், எங்கே போவது என்று உங்களுக்கும் தெரியாது.

முதல் இடம் ஆரம்ப சுகாதார நிலையம், ரத்தத்தில் பிலிருபின் (காமாலையின் அளவு) பார்த்துவிடலாம். அடுத்து ஸ்கேன் இருக்கும் அரசு மருத்துவமனை. அல்ட்ரா சவுண்டில் பித்தக் குழாய் விரிந்திருந்தால் தெரியும், ஆனால் குடலில் இருக்கும் காற்று கணையத்தை மறைத்துவிடும். “ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க” என்று திரும்பிவந்து, காமாலை மட்டும் கூடிக்கொண்டே போனால், கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதற்குத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, மேற்கே இருப்பவர்களுக்குத் திருச்சி அரசு மருத்துவமனையும் உண்டு. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பித்த அடைப்புக்கு ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைப்பது, கட்டியை எடுக்கும் விப்பிள் அறுவை சிகிச்சை ஆகியவை பெரிய மையங்களில்தான். அந்த அறுவை சிகிச்சை அடிக்கடி நடக்கும் இடத்தில் செய்துகொள்வது நல்லது என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. புற்றுநோய் சிகிச்சைக்கு ஜிப்மரும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் நம் மக்கள் போகும் இடங்கள். அடையாறு மருத்துவமனையை 1954ல் தொடங்கியவர் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாதவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993, கட்டணமில்லை. நோய் வந்த பிறகு அட்டைக்கு அலையும் அந்த ஒரு வாரம் காமாலைக்காரருக்கு ரொம்ப நீளம். அதனால் உங்கள் கூட்டத்திலேயே அட்டை இல்லாதவர்கள் பட்டியலை எடுத்து, ஊராட்சியிலிருந்து ஒரே நாளில் கூட்டிப்போய்விடுங்கள். விழிப்புணர்வில் இதுவும் சேர்த்திதான், நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

தாமதமாகத் தெரிந்தவர்களும் இருப்பார்கள், அவர்கள்தான் அதிகம். வலி குறைக்கும் பராமரிப்பு மக்களைத் தேடி மருத்துவத்திலேயே இருக்கிறது, செவிலியர் வீட்டுக்கு வருவார். “இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கும் வலி இல்லாமல் இருக்க உரிமை உண்டு, வட்டார மருத்துவ அலுவலரிடம் பெயர் கொடுத்துக் கேளுங்கள்.

படி 7: நோட்டீஸ்

நோட்டீசில் கணையத்தின் படம், செல் படம், ஊதா ரிப்பன் எல்லாம் எதற்கு? பெரிய எழுத்தில் இது போதும்:

“வயது 50 தாண்டியவரா?
கண் மஞ்சள், வலி இல்லை, உடம்பு அரிப்பு.
புதுசா சுகர், கூடவே உடம்பு இளைப்பு.
மேல் வயிற்று வலி, முதுகு வரைக்கும்.
இதில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.
இலவச ஆலோசனை: 104. புகையிலையை விட உதவி: 1800 11 2356.”

கீழே வட்டாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது, ஸ்கேன் எந்தக் கிழமை என்று போடுங்கள். அரசு முத்திரையை நீங்களாகப் போடக் கூடாது, ஒப்புதல் கிடைத்தால் துறையே போட்டுக்கொடுக்கட்டும். நோட்டீசில் யார் முகமும் வேண்டாம். முகம் போட்டால் அடுத்த முகத்துக்காரர் ஆட்சிக்கு வந்ததும் கிழித்துவிடுவார்.

படி 8: எங்கே, எப்போது

வெளியில் செய்யும் வேலைக்கு டெல்டாவின் காலம் தை, மாசி. பிப்ரவரி 4 உலகப் புற்றுநோய் நாள், சம்பா அறுவடையும் அப்போதுதான் நடக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையம் போல ஒரு இடம் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. நெல்லைக் கொட்டிக் குவித்துவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்கவில்லை என்று திருப்பிப் பரப்பிக் காயவைத்துக்கொண்டு, சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்று ராத்திரி தார்ப்பாய்க்குப் பக்கத்திலேயே படுத்துக்கிடக்கும் ஐம்பது, அறுபது வயது ஆட்கள். மருத்துவமனைப் பக்கமே போகாதவர்கள், இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில். பட்டியல் எழுத்தரின் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் அதைப் படித்தே ஆக வேண்டும், வேறு பார்க்க ஒன்றும் இல்லை. அனுமதி நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல மேலாளரிடம். மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்கும் தனியாகப் பேசுங்கள், வாயில் புகையிலை அவர்களிடம்தான் அதிகம். சுகாதார ஆய்வாளர் சுகர் மிஷினோடு ஒரு சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் அது முகாம்தான், பந்தல் கூட வேண்டாம்.

மயிலாடுதுறைக்காரர்களுக்கு மட்டும் நவம்பரில் ஒரு விதிவிலக்கு. ஐப்பசி கடைசி நாள் காவிரித் துலாக்கட்டத்தில் கடைமுழுக்கு நீராடல், நவம்பர் நடுவில் வரும். சுகாதாரத் துறையும் அங்கே எப்படியும் பணியில் இருக்கும். மைக்கில் காணாமல்போன குழந்தை அறிவிப்புகளுக்கு நடுவே மூன்று வரி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், கோவில் செயல் அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் முன்பே சொல்லிவைத்துவிட்டு. வேளாங்கண்ணி, நாகூர், கும்பகோணம் மாசி மகம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். நூறு நாள் வேலைத்தளம், ரேஷன் கடை, பண்பலை பற்றி விளக்கத் தேவையில்லை, வழக்கம்போல.

நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். அன்றைக்கு எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சர்க்கரை பற்றி ஏதாவது ஒரு நிகழ்ச்சி இருக்கும். அதில் ஐந்து நிமிடம் வாங்கிவிட்டால் தனி நிகழ்ச்சியே வேண்டாம்.

படி 9: காமாலைக்கு மருந்து கொடுப்பவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவர் இருப்பார். விடியற்காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுப்பார், புளி, எண்ணெய், உப்பு ஆகாது என்பார். இளவயதில் வரும் சாதாரணக் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயர் அவருக்குப் போகும். அதனால் அடைப்புக் காமாலைக்காரரும் அவரிடமே போகிறார், மூன்று வேளை மருந்து, அப்புறம் இன்னொரு மூன்று வேளை, இப்படியே அறுவை சிகிச்சைக்கான காலம் போய்விடுகிறது.

அவரைப் போலி என்று மேடையில் திட்டினால் ஊர் அவர் பக்கம்தான் நிற்கும். வேறு மாதிரி போங்கள். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் அரசு சித்த மருத்துவர் இருக்கிறார், அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். “ஐயா, வயசு அம்பது தாண்டினவங்க வந்தா, மலம் வெள்ளையாப் போகுதுன்னு சொன்னா, ஸ்கேன் எடுத்துட்டு வரச் சொல்லிருங்க. அப்புறம் நீங்க பாருங்க” என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். மோசமான நோயாளி தன் வாசலில் சாவதை அவரும் விரும்பமாட்டார். நோட்டீஸ் கட்டு ஒன்றை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். மாவட்டச் சித்த மருத்துவ அலுவலர் வழியாக இதையே எழுத்தில் கேட்டு வாங்கினால் எல்லா வட்டாரத்துக்கும் போகும். மெடிக்கல் கடைக்காரர்களிடமும் இதே பேச்சு: மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை வாங்கும் பெரியவரிடம் முதுகு வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை.

படி 10: நடந்ததா என்று பாருங்கள்

எத்தனை பேர் பேரணியில் வந்தார்கள், கலெக்டர் கொடியசைத்தாரா என்பதெல்லாம் கணக்கில் வராது. கேட்க வேண்டிய கணக்கு வேறு: தன்னார்வலர் பயிற்சி எந்தத் தேதியில், எந்த ஒன்றியத்தில் நடந்தது? மூன்று கேள்வியின் பேரில் எத்தனை பரிந்துரைச் சீட்டு எழுதப்பட்டது? அதில் எத்தனை பேர் ஸ்கேன் வரை போனார்கள்?

வட்டார மருத்துவ அலுவலர் வாயாலேயே சொல்லிவிட்டால் நல்லது. இல்லையென்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் செய்யவில்லை” என்று கேட்டால் பதில் வராது, அவர்கள் கையில் இருக்கும் பதிவேட்டைத்தான் தர வேண்டும். எனவே “இன்ன தேதி மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல்”, “மாதாந்திரக் கூட்டத்தின் பொருள் பட்டியல் நகல்” என்று காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பயிற்சி நடக்கவில்லை என்று அந்தப் பட்டியலில் தெரிந்தால், அதையே இணைத்து அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். நடந்திருந்தால், பயிற்சி கொடுத்த மருத்துவருக்கும் செவிலியருக்கும் அதே கிராம சபையில் பெயர் சொல்லி நன்றித் தீர்மானம் போட்டு, நகலை அவர்களுடைய மேலதிகாரிக்கு அனுப்பிவிடுங்கள். அவர்கள் மாற்றலாகிப் போனாலும் அந்தக் காகிதம் கோப்பில் இருக்கும், அடுத்து வருபவரிடம் காட்ட உதவும்.